தாய்மாமன் ஹரிராம், ஆனையூர்

மீன்பிடிக்கக் கூட்டிப்போகிற ஆளுக்கு எவ்வளவு டிப்ஸ் கொடுக்கலாம்? எங்கள் தூண்டில்காரர்கள் வாட்ஸ்அப் குரூப்பில் மாதம் ஒருவராவது இதைக் கேட்டுவிடுகிறார். உடனே ஆளாளுக்குப் பதில். ஒருவர் இருநூறு என்பார், இன்னொருவர் கூலியில் கால்வாசி என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். போனைச் சுவரில் அடிக்கலாமா என்றிருக்கும். ஏனென்றால் ஒரு தடவை இந்தக் கேள்வியை நானும் கேட்டேன். பதிலும் கிடைத்தது. கேட்காமலே இருந்திருக்கலாம்.

பேரையூர்ப் பக்கத்துப் பேயாண்டியைத்தான் சொல்கிறேன். முப்பத்தெட்டு வயது, ஒல்லியான ஆள். ஒன்றரை ஏக்கர் மானாவாரி நிலம், எட்டு ஆடு, முத்துத்தாய் என்று ஒரு மனைவி, மீனா என்று ஒரே பெண் குழந்தை. இதற்கு மேல் அவருக்குச் சொத்து கிடையாது. ஆனால் கண்மாய்க் கரையில் நின்று தண்ணீரைப் பார்த்தே, "இது கெண்டை, இது கெளுத்தி, அந்தா கோரைக்குள்ள கெடக்குறது விரால்" என்று சொல்லிவிடுவார். நான் மூவாயிரம் ரூபாய்த் தூண்டிலை வைத்துக்கொண்டு முழிப்பேன். அவர் என் கையைப் பிடித்து இரண்டடி தள்ளிப் போடச் சொல்வார். மீன் விழும்.

எனக்கு மதுரை விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடை. வீடு ஆனையூரில். என் மனைவி சூடாமணிக்கு மீன் வாடையே ஆகாது. அதனால் ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் காரை எடுத்துக்கொண்டு திருமங்கலம் வழியாகப் பேரையூர்ப் பக்கம் போய்விடுவேன். முதல் இரண்டு ஞாயிறும் பேயாண்டி முந்நூறு முந்நூறாகக் கூலி வாங்கிக்கொண்டார். மூன்றாவது ஞாயிறு நல்ல மழை. கார் சேற்றில் மாட்டிக்கொண்டது. அவர் வீட்டில் ஒதுங்கினேன். பிடித்த மீனை முத்துத்தாய் குழம்பு வைத்து, "சாப்பிடுங்கண்ணே" என்று தட்டில் சோற்றைக் குவித்தாள். நானும் வெட்கமில்லாமல் மூன்று தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.

கிளம்பும்போது முந்நூறை நீட்டினேன். பேயாண்டி கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"இருக்கட்டும். கை நனைச்ச ஆளுகிட்டக் கூலி வாங்குனா முத்துத்தாய் எனக்குச் சோறு போட மாட்டா. அவளுக்கு அண்ணன்னா எனக்கு மச்சான்ல?"

அன்றிலிருந்து நான் மச்சான். மூன்று வருடம் அப்படியே போனது. மீனை நான் பிடிப்பேன், முத்துத்தாய் குழம்பு வைப்பாள், எல்லோருமாக உட்கார்ந்து சாப்பிடுவோம். மீனா என் பக்கத்தில் உட்கார்ந்து முள் எடுத்துத் தரச் சொல்லுவாள். மாமா மாமா என்று ஒரு நிமிடம் வாய் ஓயாது. காசை நான் நீட்டுவதும் பேயாண்டி கையைப் பின்னால் கட்டிக்கொள்வதும் ஒரு விளையாட்டாகவே ஆகிவிட்டது.

மனதார ஏற்றுக்கொண்டிருக்க வேண்டியதுதானே? என் வியாபாரப் புத்தி விடவில்லை. விலை சொல்லாமல் சரக்கு கொடுக்கிறவனைக் கண்டால் எனக்குப் பயம். கடைசியில் மொத்தமாக என்ன கேட்பானோ என்று உள்ளே ஒரு பூச்சி ஊர்ந்துகொண்டே இருந்தது.

போன மார்கழியில் ஒரு நாள், ஒன்றரைக் கிலோ விரால் ஒன்றைத் தூக்கி நான் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தபோது பேயாண்டி தயங்கித் தயங்கி வந்தார்.

"மச்சான், ஒண்ணு கேக்கணும். தை மூணாவது ஞாயித்துக்கெழம மீனாவுக்குக் காது குத்துறோம். முத்துத்தாய்க்குக் கூடப் பொறந்தவன் இல்ல. பெரியப்பன் மகன் மொக்கைச்சாமி ஒருத்தன் உள்ளூருல இருக்கான். நெலத் தகராறுல அவனோட எட்டு வருசமாப் பேச்சு வார்த்த இல்ல. தாய்மாமன் மடியிலதான் பிள்ளைய உக்கார வைக்கணும். அது ஒங்க மடியா இருக்கட்டும்னு அவ ஆசப்படுறா."

நான் விராலைப் பைக்குள் போட்டேன். அவரே தொடர்ந்தார்.

"சீரு செனத்தி எதுவும் வேணாம். வந்து உக்காந்தாப் போதும் மச்சான்."

"வந்துருவோம்" என்றேன். கடைக்கு வருகிறவர்களிடம் 'அடுத்த வாரம் சரக்கு வந்துரும்' என்று சொல்கிற அதே வாய்.

அன்று இரவே குரூப்பில் இருக்கும் சாய்பிரசாத்துக்குப் போன் போட்டேன். ஊர் ஊராகப் போய் மீன் பிடிக்கிற ஆள், விவரம் தெரிந்தவர் என்று எங்களுக்குள் பேர். விஷயத்தைச் சொல்லி, இதற்கு எவ்வளவு டிப்ஸ் கொடுக்கலாம் என்று கேட்டேன். கேட்ட கேள்வியைப் பாருங்கள்.

அவர் சிரித்தார். "எல்லா ஊர்லயும் இதுதாண்ணே. காதுகுத்துன்னு வருவாங்க, ஸ்கூல் ஃபீஸ்னு வருவாங்க. சுத்தி வளச்சு டிப்ஸ் கேக்குறாங்க, அம்புட்டுத்தான். ஒரு நல்ல தொகையாக் குடுத்து முடிச்சுவிட்டுருங்க. நேர்ல மட்டும் போயிராதீங்க. போனீங்க, சடங்கு, கல்யாணம்னு கடைசி வரைக்கும் நீங்கதான் செய்யணும்."

எனக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது போல இருந்தது. விலை தெரிந்துவிட்டது அல்லவா.

காதுகுத்துக்கு முந்தின ஞாயிறு ஐயாயிரத்தை ஒரு கவரில் போட்டு பேயாண்டியின் சட்டைப்பையில் திணித்தேன். அவர் பதறிப்போனார். "சீரே வேணாம்னு சொன்னேன். சரி, நீங்களே அன்னைக்குப் பிள்ளைய மடியில வச்சுக் கையில குடுங்க" என்று திருப்பித் தந்தார். "இருக்கட்டும், செலவுக்கு ஆகும்" என்று மறுபடியும் திணித்துவிட்டு வண்டியில் ஏறினேன். கார் கிளம்பும்போது பேயாண்டி, "அந்த விரால் போட்டோவ அனுப்பி விடுங்க மச்சான்" என்றார். எதற்கு என்று கேட்கவில்லை. அனுப்பிவைத்தேன்.

காதுகுத்து அன்று நான் வீட்டில் இட்லி சாப்பிட்டுவிட்டுத் தூண்டில் ரீலுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தேன். ஒன்பதரையிலிருந்து பேயாண்டியின் போன் வந்துகொண்டே இருந்தது. ஏழு தடவை. ஐயாயிரம் பத்தவில்லையாக்கும் என்று நினைத்தேன். ஆமாம், அப்படித்தான் நினைத்தேன். போனைக் குப்புறக் கவிழ்த்து வைத்தேன்.

அடுத்த ஞாயிறு, வாய்க்கு வந்த ஒரு பொய்யைத் தயார் பண்ணிக்கொண்டு போனேன். காரிலிருந்து இறங்கியதும் எதிரில் ஆட்டுக்கொட்டகை. கூரை மேல் மழைக்காக ஒரு ஃபிளெக்ஸ் பேனரை விரித்துக் கல் வைத்திருந்தார்கள். அதில் கையில் விராலோடு பல்லைக் காட்டிக்கொண்டு நான் நின்றேன். படத்தில் மீனை முக்கால்வாசி வெட்டிவிட்டு, என் தலையைச் சுற்றி ரோஜாப்பூ மாலை போட்டிருந்தார்கள். கீழே கொட்டை எழுத்தில் 'தாய்மாமன் ஹரிராம், ஆனையூர், மதுரை' என்றிருந்தது.

நான் கொண்டுபோன பொய் எனக்கு மறந்துபோனது. பேயாண்டி வந்து என் பக்கத்தில் நின்றார். முகத்தில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் காலில் விழுந்தாவது சரிபண்ணியிருப்பேன்.

"பத்தரை வரைக்கும் நல்ல நேரம். முத்துத்தாய் ரோட்டுல போயி நின்னு வார கார் போற காரெல்லாம் பாத்துக்கிட்டே இருந்தா. காது குத்த வந்த ஆசாரி அவசரப்படுத்துனாரு. பெறகு அவளே மொக்கைச்சாமி வீட்டுக்குப் போயிக் கூப்புட்டா. அவன் வந்தான். பேனரைப் பாத்து, 'எங்க போனான் ஒன்னோட மதுரைக்கார அண்ணன்'னு ஊரே சிரிக்கக் கேட்டுட்டுத்தான் மடியக் குடுத்தான்."

"பேயாண்டி, நான்..." என்றேன்.

"தண்ணி தெளிஞ்சிருக்கு. வாங்க சார், போவோம்" என்றார்.

சார். மூன்று வருடத்தில் அந்த வாயிலிருந்து நான் ஒரு தடவைகூடக் கேட்காத வார்த்தை.

அன்றைக்கும் குறை வைக்கவில்லை. இடம் காட்டினார், புழு கோத்துக் கொடுத்தார். மீனும் விழுந்தது. முத்துத்தாய் வெளியே வரவில்லை, அடுப்பும் எரியவில்லை. மீனைக் கவரில் போட்டுக் கையில் கொடுத்தார்.

"நீங்க குடுத்தது அட்வான்ஸா இருக்கட்டும் சார். நாளுக்கு ஐநூறுன்னு வச்சுக்குவோம். இன்னைக்குப் போக இன்னும் ஒம்பது ஞாயிறு வரலாம்."

மீன் ஏறாத வீட்டுக்கு அந்தக் கவரை எங்கே கொண்டுபோவேன்? வழியில் ஒரு டீக்கடைக்காரரிடம் கொடுத்துவிட்டேன்.

அடுத்த ஞாயிறு சூடாமணியையும் கூட்டிக்கொண்டு, ஒரு ஜோடி தங்கத் தோடு வாங்கிக்கொண்டு போனேன். முத்துத்தாய் சூடாமணிக்குத் தண்ணீர் கொடுத்தாள். தோட்டைத் தொடவில்லை. "பிள்ளைக்குப் போட்டாச்சுங்க" என்றாள். சூடாமணி போய்க் காரில் ஏறிக்கொண்டாள். வீட்டுக்கு வந்ததும், "அந்த முத்துத்தாய் மொகத்தப் பாத்தீங்களா?" என்று மட்டும் கேட்டாள். பார்க்கவில்லை. எனக்கு அந்தத் தைரியம் இல்லை.

ஆனாலும் ஒரு ஞாயிறு விடாமல் போனேன். மீனுக்காக அல்ல. பழக்க தோஷத்திலாவது ஒரு தடவை மச்சான் என்று வாய் தவறிக் கூப்பிட்டுவிட மாட்டாரா என்று காத்திருந்தேன். பெரிய விரால் ஒன்று நூலை அறுத்துக்கொண்டு ஓடியபோது, இப்போது கூப்பிட்டுவிடுவார் என்று அவர் வாயையே பார்த்தேன். "விடுங்க சார், வேற மாட்டும்" என்றார். மீனா தூரத்தில் நின்று பார்ப்பாள். காதில் சின்னதாகத் தோடு மின்னும். கிட்டே வரமாட்டாள்.

பங்குனியில் கண்மாய் வற்றி மடைப் பக்கம் மட்டும் கொஞ்சம் தண்ணீர் நின்றது. அன்றோடு பத்து ஞாயிறு.

"அட்வான்ஸ் முடிஞ்சிருச்சு சார். இனிமே வாரதா இருந்தா ரெண்டு நாள் முன்னாடி போன் பண்ணிருங்க" என்றார் பேயாண்டி.

என் கை பழைய வழக்கத்தில் சட்டைப்பைக்குப் போனது. இருநூறு ரூபாயை நீட்டினேன். சத்தியமாகச் சொல்கிறேன், அவர் கையைப் பின்னால் கட்டிக்கொள்ள வேண்டும் என்றுதான் நீட்டினேன். மனதுக்குள் எல்லாச் சாமியையும் வேண்டிக்கொண்டு நீட்டினேன்.

பேயாண்டி ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, அதை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார். "ரொம்ப நன்றி சார்" என்றார்.