கிளுவை இலை கொட்டும் காலம்

ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத்து நேராக வராது, மறதியும் கூடிவிட்டது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

வாவிக்கரையில் எங்கள் வளவுக்கும் பக்கத்து வீட்டு அக்காவின் வளவுக்கும் நடுவே கிளுவை வேலி இருந்தது. மாரி முழுக்க இலை அடர்ந்து அந்தப் பக்கம் ஒன்றும் தெரியாது. வெயில் ஏறினால் இலையெல்லாம் கொட்டிவிடும். பிறகு தடிகள்தான் வடிவு. மேல்தோல் செம்பு நிறத்தில் கடதாசி போல உரியும், உள்ளே பச்சை மினுங்கும். கனடாவில் இருக்கும் மகள் ஒருமுறை போனில் படம் காட்டினாள். பனிக்குள்ளே சிவப்புச் சிவப்பாக வெறுந்தடிகள். அந்த நிறத்தைப் பார்க்கவென்றே அங்கே அந்தச் செடியை வளர்ப்பார்களாம். எனக்கு அது புதினமாக இல்லை.

இன்னொருவர் வீட்டில் போய் இருந்து கதைக்க எனக்குக் கூச்சம். கணவர் இறந்த பிறகு அது இன்னும் கூடிவிட்டது. இலை இல்லாத மாதங்களில் அக்கா முற்றம் கூட்டுவது தடிகளுக்கு ஊடாகத் தெரியும். அவவாகவே கேட்பா, "என்னகா புள்ள, இண்டைக்கு என்ன கறி?" நான் சொல்வேன். ஒரு நாளைக்கு அவ்வளவு பேச்சு எனக்குப் போதும்.

போன வருடம், கட்டாரில் இருக்கும் அக்காவின் மகன் மதில் கட்டச் சொன்னான். மேசன் வந்து நூல் பிடித்தார்.

"இனி ஆடு பூராது புள்ள, நிம்மதி," என்றா அக்கா.

"அந்த மூலையில கொஞ்சம் வேலியை விடச் சொல்லுங்கக்கா."

"ஏன், புதையல் கிடக்கா?"

சிரித்துவைத்தேன். உங்கட முகம் தெரியத்தான் என்று சொல்ல வாய் வரவில்லை.

வெட்டிப்போட்ட கிளுவையில் நல்ல தடிகளைப் பொறுக்கி, மழைத் தண்ணீர் தங்காமல் நுனியைச் சரித்து வெட்டி, வெட்டிய இடத்தில் கசியும் பால் காய நிழலில் சாத்தி வைத்தேன். மழை தொடங்க, மதில் ஓரமாக என் பக்கத்தில் நட்டேன். சிலவற்றை அவசரத்தில் ஈரத்தோடு நட்டுவிட்டேன், அவை அழுகிப்போயின. மற்றவை துளிர்த்தன.

இந்த வெயிலுக்கு அவையும் இலை கொட்டிவிட்டன. பச்சைத் தடிகள் வடிவாகத்தான் நிற்கின்றன. ஊடாகத் தெரிவது சீமெந்து.

நேற்று மதிலுக்கு அப்பால் அக்காவின் குரல் கேட்டது.

"புள்ள, உன்ட கிளுவை இலை கொட்டிட்டா?"

"ஓம் அக்கா, கொட்டிட்டு."

பிறகு அவ கூட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது.

கிளுவை எந்தக் காலத்தில் இலை கொட்டும் என்று சொன்னதிலும், மகள் காட்டிய செடி பற்றிச் சொன்னதிலும் பிழை இருக்கலாம். தெரிந்தவர்கள் யாராவது பார்த்துத் திருத்திவிடுங்கள்.