எஸ்தருக்கு மட்டும் கால் மணி நேரம்

அடுத்தவர் மடியில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதுதான் என் வேலை. நாரணாபுரம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனி கேட்டில், வேலைக்கு வரும் பெண்களைச் சோதித்து உள்ளே அனுப்புகிறேன். தீப்பெட்டி, செல்போன், சேலையில் குத்திய ஊக்கு எதுவும் உள்ளே போகக் கூடாது. என்னைப் போல கேட்டில் நிற்கும் ஜென்மங்களுக்குத் தெரியும், சோதித்தால் திட்டு விழும், விட்டுவிட்டால் உயிர் போகும்.

முதல் நாள்

எஸ்தர் நரிக்குறவர் காலனிக்காரி. ஊசிமணி, பாசிமணி விற்றுக்கொண்டிருந்தவள், கிறிஸ்தவ வேதத்துக்கு மாறி, பேரையும் மாற்றிக்கொண்டு சரவெடி பின்ன வந்தாள். எனக்கு ஆளைக் கண்டதுமே சந்தேகம். திடீரென்று சாமியை மாற்றுகிறாள் என்றால் சும்மாவா? மற்றவர்களுக்கு அரை நிமிஷம், அவளுக்குக் கால் மணி நேரம். தூக்குவாளியைத் திறக்கச் சொன்னேன், கொண்டையை அவிழ்க்கச் சொன்னேன், கழுத்துப் பாசியைக் கழற்றச் சொன்னேன். ஒன்றுமில்லை. அவள் நிதானமாகக் கேட்டாள்: "எல்லாரையும் கையால தொட்டுப் பாக்கீக. என்னைய மட்டும் ஏன்க்கா குச்சிய வச்சுப் பாக்கீக?"

இருக்கன்குடிப் பொங்கல்

இருக்கன்குடிக் கோயிலுக்கு நடந்து போய்த் திரும்பிய பெண்கள், மத்தியானம் எல்லாருக்கும் திருநீறும் பொங்கலும் கொடுத்தார்கள். எஸ்தரை மட்டும் தாண்டிப் போனார்கள். "அவ வேதக்காரி, வாங்க மாட்டா" என்றாள் கொடுத்தவள். நியாயம்தானே என்று நானும் தலையாட்டினேன். எஸ்தர் பின்னிக்கொண்டிருந்த சரத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "மாறுறதுக்கு முந்தி அந்தக் கோயில் வாசல்லதான நின்னேன். அப்பயும் எட்ட நின்னுதான போட்டீக?"

ஒரே சபை

சரி, வேதக்கோயிலிலாவது மதிப்பார்கள் என்று நினைத்தேன். பக்கத்தில் வேலை பார்க்கும் ஜெயமேரியும் அதே சபைதான். ஆனாலும் சாப்பாட்டு நேரத்தில் ஆளுக்கொரு மூலை. ஏதோ இருக்கிறது என்று ஜெயமேரியை மெதுவாகக் கிளறினேன். "சண்டையெல்லாம் இல்லக்கா. சபை ஒண்ணுதான், அவுக உக்கார்ற பாய் வேற."

தீப்பெட்டி

தீபாவளி சீசன். மருந்து கலக்கும் அறைக்கு வெளியே ஒரு தீப்பெட்டி கிடந்தது. எல்லார் கண்ணும் எஸ்தர் மேல் போனது. போர்மேன் என்னைக் கூப்பிட்டார்.

"அந்தப் பிள்ளைய இன்னைக்குச் சோதிச்சியாம்மா?"

"சோதிச்சேன் அண்ணாச்சி, ஒண்ணும் இல்ல."

"அப்ப யாரைச் சோதிக்கல?"

அன்று வேன்கள் ஒன்றாக வந்து நின்றதால், எஸ்தரைத் தவிர ஒருத்தியையும் நான் சோதிக்கவில்லை. அதைச் சொன்னால் என் வேலை போகும். "எல்லாரையும்தான் பாத்தேன். அவ எங்கனயாச்சும் ஒளிச்சு வச்சிருப்பா" என்று சொல்லிவிட்டேன். சொன்ன வாய் இன்னும் கசக்கிறது. எஸ்தரை உடனே வெளியே போகச் சொன்னார்கள். கேட்டைத் தாண்டும்போது என் பக்கம் திரும்பினாள். "இன்னைக்கு நான் என்ன கொண்டாந்தேன்னு உங்களவிட நல்லாத் தெரிஞ்சவுக யாருக்கா?"

அன்றிலிருந்து ஒருத்தியையும் விடாமல் சோதிக்கிறேன். எஸ்தர் வருவதில்லை, எனக்குக் கம்பெனியில் ரொம்ப நல்ல பேர்.