காதில் வைத்த குட்டி மடவை

பிள்ளைகளா, நம் டிரங்குப் பெட்டியில் இருக்கும் பழைய படத்தாளைப் பார்த்து "இன்னாத்துக்குப்பா இந்தக் கிழிஞ்ச காகிதம்?" என்று கேட்கிறீர்களே, அதற்குத்தான் இதை எழுதுகிறேன்.

அப்போது உங்களில் பெரியவள் அம்மா வயிற்றில் ஏழு மாதம். கருவாடு மடிக்க வாங்கிய பேப்பர் கட்டுக்குள் அட்டை போன ஒரு புத்தகம் வந்தது. இரண்டாயிரம் வருஷத்துக்கும் முன்னால் கிரேக்க தேசத்தில் எப்படிச் சாப்பிட்டார்கள் என்று சின்னச் சின்னக் கதைகள். பக்கத்துக்கு ஒரு படம், எல்லாம் மயிரிழைக் கோடுகளால் வரைந்தது. நான் எட்டாவதோடு நின்றவன், எழுத்துக்கூட்டித்தான் படித்தேன். படத்திலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. ஒரு சாப்பாட்டுப் பிரியன், ருசி தொண்டையில் மெதுவாக இறங்க வேண்டுமென்று, நாரைக் கழுத்துக் கேட்டுக் கும்பிடுகிறான். பக்கத்தில் நிற்கிற நாரையின் கால் மடிப்பு அப்படியே நம் ஏரி நாரை. வரைந்தவன் எந்த ஏரிக்கரையில் உட்கார்ந்திருந்தானோ!

பெட்டியில் இருப்பது இன்னொரு படம். ராஜா வீட்டு விருந்து, கட்டிலில் சாய்ந்தபடியே சாப்பிடுகிறார்கள். ராஜா தட்டில் பெரிய மீன். பாட்டுக் கட்டுகிறவன் தட்டில் விரலளவு மீன். அவன் அதை எடுத்துக் காதில் வைத்திருக்கிறான். ராஜா ஏன் என்று கேட்டானாம். "கடல் சேதி கேட்டேன். இது சின்னப் பிள்ளையாம், உங்கள் தட்டில் இருக்கிற பெரியவரைக் கேட்கச் சொல்கிறது" என்றானாம். ராஜா சிரித்துவிட்டுப் பெரிய மீனைக் கொடுத்துவிட்டானாம்.

உங்கள் அம்மாவுக்கு அந்த நாட்களில் எது சாப்பிட்டாலும் வாந்தி. கன்னம் ஒட்டிப்போயிற்று. ஒன்றே ஒன்று கேட்டாள். "சினை மடவை கெடச்சா ரெண்டு வாய் துன்னுவேன்யா."

வயிறு நிறைய முட்டையோடு இருக்கும் சினை மடவை மீனெல்லாம் கரையேறியதுமே வியாபாரியின் ஐஸ் பெட்டிக்குப் போய்விடும். நான் வேறொருவர் படகில் வலை இழுத்தேன். வலை இழுக்கிறவனுக்கு வீட்டுக் குழம்புக்கென்று ஒரு மீன் உண்டு, கறிமீன் என்போம். படகுக்காரராகப் பார்த்து எடுத்துப் போடுவதுதான் கறிமீன். வாய் திறந்து கேட்கக் கூடாது. கேட்டவனை நம் ஊர் கோட்டைக்குப்பம் முழுக்க ஏளனமாகப் பேசும்.

அன்று காலை கரையில், படகுக்காரர் காலடியில் வயிறு புடைத்த ஒரு மடவை கிடந்தது. அவரை எல்லோரும் நைனா என்போம். எனக்கு அவர் போட்டது உள்ளங்கையளவு குட்டி மடவை. அதை எடுத்துக் காதில் வைத்தேன்.

"டேய், இன்னாடா பண்றே? போன்ல பேசுறியா?"

"இல்ல நைனா. ஏரிக்குள்ள இன்னா சேதின்னு கேட்டேன். நான் நேத்துப் பொறந்தவன், எனக்கு இன்னா தெரியும், நைனா காலாண்ட ஒரு பெரிய மன்சன் கீறாரு, அவரக் கேளுன்னு சொல்லுது."

"இத்தினி நாளா வாயில்லாத பூச்சின்னு நெனச்சோமே இவன!" என்றான் வலை உதறிக்கொண்டிருந்த ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள். நைனா சிரிக்கவில்லை. போச்சு, இனி படகில் ஏற்றமாட்டார் என்று நினைத்தேன்.

அவர் குனிந்து பெரிய மடவையைத் தூக்கித் தன் காதில் வைத்தார். தண்ணீர் கழுத்தில் வழிந்தது. ரொம்ப நேரம் கேட்டார்.

"இது என்னை ஏசுதுடா. நானே சினையோட கீறேன், புள்ளத்தாச்சி வூட்டுக்கு ஏன் இன்னும் அனுப்பலேன்னு கேக்குது." மீனை என் கூடையில் போட்டார். "அந்தக் குட்டியையும் எடுத்துக்கினு போ. ரெண்டும் வாயாடி."

உங்கள் அம்மா சினையைப் பொரித்துச் சாப்பிட்டாள். வாந்தி வருமோ என்று பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். வரவில்லை. அப்படியே சாய்ந்து தூங்கிப்போனாள்.

நான் அந்தப் படத்தை எடுத்துப் பார்த்தேன். பாட்டுக்காரன் மீனின் செவுளுக்குப் பின்னால் இரண்டு விரல், வாலில் ஒரு விரல் கொடுத்துப் பிடித்திருந்தான். கரையில் நானும் அப்படியேதான் பிடித்திருந்தேன். காதில் வைத்ததுதான் படத்தைப் பார்த்து, பிடித்த விதம் படத்தைப் பார்த்து அல்ல. வழுக்குகிற மீனை வேறு எப்படிப் பிடிப்பது?