எதிர்ப்பக்கம் சுற்றிய டிஸ்ட்ரிபியூட்டர்

அந்த மேஸ்திரியின் சிரிப்பை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. வாய்விட்டுச் சிரிப்பதுகூட இல்லை, மூக்கால் காற்று விடுவது போல ஒன்று. நான் பேச வாயெடுக்கும்போதெல்லாம் அதைத்தான் செய்தார்.

பிரெஞ்சுக்காரர்கள் காரைக்காலை விட்டுப் போனபோது, அப்பா டிரைவராக வேலை பார்த்த துரை தன் காரை அப்பாவிடமே விட்டுவிட்டுப் போனார். சம்பளம் நின்றது, கார் மட்டும் இருந்தது. வாடகைக்கு ஓட்டலாம் என்றால் இஞ்சின் எண்ணெயைக் குடித்துப் புகையாகக் கக்கியது. அதைப் பிரித்துக் கட்டத்தான் நாகப்பட்டினத்திலிருந்து கார் ரிப்பேர் மேஸ்திரி வந்தார். நெடுங்காட்டு அரிசி மில்காரர் ஒருவர் தினமும் டவுனுக்கு வந்துபோக வண்டி தேடிக்கொண்டிருந்தார். ஓட்டிக் காட்டி அவருக்குப் பிடித்துவிட்டால் மாத வாடகை. பிடிக்காவிட்டால் காரை விற்றுவிட்டு, அப்பா யாரிடமாவது போய் லாரி ஓட்ட வேண்டியதுதான்.

இஞ்சின் வேலையைக் குறை சொல்ல மாட்டேன். தகராறு டிஸ்ட்ரிபியூட்டரில் வந்தது. நான்கு சிலிண்டருக்கும் முறை வைத்துத் தீப்பொறியை அனுப்புகிற சாமான் அது. பழையதில் நடுத்தண்டைத் தாங்கும் புஷ் வளையம் தேய்ந்து தண்டு ஆடியது. மேஸ்திரி அதை ஓரமாகப் போட்டுவிட்டு, இங்கிலீஷ் கார் ஒன்றிலிருந்து கழற்றிய வேறொன்றைத் துணியில் சுற்றி எடுத்து வந்தார். பளபளவென்று இருந்தது.

“பிரெஞ்சுக்காரனே மூட்டையக் கட்டிட்டான். அவன் சாமானை வச்சிக்கிட்டு ஏண்ணே அழுவுறீங்க?” என்றார்.

அப்பாவும் சேர்ந்து சிரித்தார். பக்கத்தில் நின்ற நானும் அவன் சாமான்தான் என்பது இருவருக்கும் தோன்றவில்லை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்து வாசலை மிதித்த முதல் ஆள் நான். பிரெஞ்சில் படித்துத் தேறி வந்தேன். இப்போது எந்த ஆபீசில் போய் நின்றாலும் ‘இங்கிலீஷ் தெரியுமா’ என்கிறார்கள்.

இரண்டு டிஸ்ட்ரிபியூட்டரையும் கையிலெடுத்துப் பார்த்தேன். துரையின் முந்தைய காரில் ஸ்டீயரிங்குக்குக் கீழே ஒரு சின்னக் கைப்பிடி உண்டு. வேகம் கூடக் கூட அதைத் தள்ளினால் பொறி கொஞ்சம் முன்னதாக விழும். துரை சொல்லக் கேட்டு அப்பா அதை ‘அவான்ஸ்’ என்பார். இந்தக் காரில் கைப்பிடி கிடையாது. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இரண்டு சின்ன எடைகள் வேகத்தில் விரிந்து அதே வேலையைச் செய்கின்றன. பழையதில் எடைகளை விரலால் விரித்தேன். தண்டின் தலை இடப்பக்கம் நகர்ந்தது. எங்கள் இஞ்சின் அதைச் சுற்றுவதும் இடப்பக்கம்தான். புதியதில் விரித்தேன், வலப்பக்கம் நகர்ந்தது. அப்படியானால் வேகம் கூடக் கூடப் பொறி பின்தங்கும், இழுவை போய் இஞ்சின் சூடேறும்.

“இது எதிர்ப்பக்கம் சுத்துற வண்டியோடதுங்க,” என்றேன்.

“தெரியும் பாப்பா. அதான் வயரை மாத்திக் குத்திட்டேன்ல.”

“வயரு சரிங்க. உள்ள இருக்கிற எடை? அது அவான்ஸ் குடுக்காது, பின்னால இழுக்கும்.”

மூக்குச் சிரிப்பு. “அட்வான்ஸ்னா கையில குடுக்கிறதும்மா. அண்ணே, பாப்பாவுக்குக் காலாகாலத்துல ஒரு எடம் பாருங்க.”

“நீ உள்ள போ,” என்றார் அப்பா. வீட்டுக்கு யார் வந்தாலும் என்னைக் கூப்பிட்டு நிறுத்தி, பிரெஞ்சு பேசச் சொல்லிப் பூரித்துப்போகிற அதே அப்பா.

மேஸ்திரி ஒரு பல்பை வயரில் கட்டி, பொறியைத் தூண்டும் பாயிண்ட் முனைகள் விலகும் இடத்தில் அது எரிகிறதா என்று பார்த்து, பொறி விழும் நேரத்துக்கு டைமிங் வைத்தார். இஞ்சின் உடனே பிடித்துக்கொண்டது. அதன்மேல் டீ கிளாசை வைத்தார், டீ அலம்பவில்லை. என் பக்கம் திரும்பி இன்னொரு முறை மூக்கால் சிரித்தார்.

வெள்ளோட்டத்துக்குக் கிளம்பினார்கள். கூப்பிடாமலே நான் பின்சீட்டில் ஏறிக்கொண்டேன். தெருவில் நன்றாகத்தான் போனது. நெடுங்காட்டுச் சாலையில் வேகம் பிடிக்கப் போனால் மூச்சடைத்தது. வாய்க்கால் பாலத்து ஏற்றத்தில் முனகி நின்றுவிட்டது. ரேடியேட்டர் கொதித்துப் பீறிட்டது.

மேஸ்திரி சுற்றி வந்து பார்த்தார். “இஞ்சின் பிளாக்கே போச்சுண்ணே. என்ன செஞ்சாலும் தேறாது. இரும்பு வெலைக்கு நானே எடுத்துக்கறேன்.”

அப்பா ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். “வீட்ல பழசு கெடக்கு. அதை மாட்டிப் பாத்துட்டு அப்புறம் வித்துக்குங்கப்பா,” என்றேன். காதில் வாங்காமல் இறங்கி மாடு தேடப் போனார். மாட்டைக் கட்டி வண்டியை இழுத்து வந்தோம். காரை ஏற்றிப்போக லாரி கொண்டுவருவதாகச் சொல்லி மேஸ்திரி ஊருக்குப் போனார்.

அவர் போன பிறகுதான் அப்பா என்னிடம் வந்தார். “அந்த எடை, என்னமோ சொன்னியே. சொல்லு.”

சொல்லாமல் விட்டுவிடலாமா என்றிருந்தது. ஆனால் வண்டி போய்விடுமே. பழையதைப் பிரித்துக் காட்டிச் சொன்னேன். அப்பா கேட்டுவிட்டு, அதை லேத்துப் பட்டறைக்குக் கொண்டுபோய்ப் பித்தளையில் புது புஷ் கடைந்து போட்டு வந்தார். அப்பா வண்டிக்கு முன்னால் செருகும் இரும்புக் கைப்பிடியால் இஞ்சினை மெல்லச் சுற்றி, இஞ்சின் சக்கரத்தில் இருந்த அடையாளக் கோட்டுக்கு நேராக நிறுத்தினார். நான் டிஸ்ட்ரிபியூட்டரை அணு அணுவாகத் திருப்பி, பல்பு எரிந்த இடத்தில் முடுக்கினேன். பாலத்தில் வண்டி கியர் மாற்றாமலே ஏறியது.

அப்படியே நெடுங்காட்டுக்கு விட்டார். மில்காரர் ஏறி ஒரு சுற்றுப் போய்வந்து, “நல்லா இழுக்குதே. யாரு வேலை?” என்று கேட்டார்.

“நாகப்பட்டினத்து மேஸ்திரிங்க. கைராசிக்காரரு,” என்றார் அப்பா.

“இல்லீங்க,” என்றேன் பின்சீட்டிலிருந்து. “டைமிங் வச்சது நான்.”

மில்காரர் அப்பாவைப் பார்த்தார். “பொண்ணா?”

“சும்மா வெளையாட்டுக்குச் சொல்லுதுங்க,” என்று அப்பா சிரித்தார். மில்காரரும் சிரித்தார். வாடகை பேசி முடிந்தது.

திரும்பும் வழியில் அப்பாவே பேச்செடுத்தார். “பொட்டப்புள்ள கை வச்ச வண்டின்னா அந்த மனுஷன் ஏறுவாரா? நம்ம சோறு அதுல இருக்குல்ல.”

“ஏறமாட்டாரு. ஒத்துக்கறேன். அதுக்காக மேஸ்திரி பேரையா சொல்லுவீங்க? நீங்களே செஞ்சதாச் சொல்லியிருக்கலாமே.”

“எனக்கு அது தோணலம்மா,” என்றார்.

அதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை. பொய் சொல்ல வேண்டியிருந்தபோதும், வண்டியை இரும்பு விலைக்குக் கேட்டவன் பெயர்தான் அவர் வாயில் வந்தது. தன் பெயர்கூட வரவில்லை.

வண்டி எங்களிடமே தங்கியது. பாயிண்ட் கருகும்போதெல்லாம் அதை அரம் போட்டுத் தீட்ட வேண்டும். அப்பா பானட்டைத் தூக்கி வைத்துவிட்டுச் சற்றுத் தள்ளிப் போய் நிற்பார். நான் வந்து தீட்டி, பல்பைப் பிடித்து டைமிங் பார்த்து, பானட்டை மூடிவிட்டுப் போவேன். அந்த நேரத்தில் அவரோடு ஒரு வார்த்தை பேச மாட்டேன்.