வளர்த்திக்கு வாங்கிய கார்டு

எங்கள் வீட்டில் எதையும் அளவாக வாங்கும் பழக்கம் கிடையாது. பள்ளிச் சீருடை எடுத்தால் அதன் தோள்பட்டை என் முழங்கைக்கு வரும். செருப்பு வாங்கினால் குதிகாலுக்குப் பின்னால் இன்னொருத்தி நிற்கலாம். கேட்டால் 'வளர்ற புள்ள' என்பார்கள். நான் வளர்ந்து முடித்துக் கல்லூரிக்குப் போன பிறகும் அந்தக் காரணம் மட்டும் வளர்ந்துகொண்டே இருந்தது.

அந்தக் காரணம்தான் என் கிராபிக்ஸ் கார்டையும் காவு வாங்கியது.

இரண்டாயிரத்தைத் தாண்டிச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. பெயரில் மட்டும் நகரமான பெருநகர் என்ற எங்கள் கிராமத்திலிருந்து தினமும் பஸ் பிடித்துக் காஞ்சிபுரம் பக்கம் ஓர் இன்ஜினியரிங் கல்லூரிக்குப் போய்வந்துகொண்டிருந்தேன். படிப்புக்கென்று வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டிருந்தார்கள். அதற்குத் துணி உறை, உறைக்கு மேல் பிளாஸ்டிக் பூ. அதில் நான் படித்ததைவிடக் கார் ஓட்டியதுதான் அதிகம். கார் பந்தய விளையாட்டு என்றால் எனக்கு உயிர். கல்லூரித் தோழி ஒருத்தி புதிதாக வந்த பந்தய சி.டி. ஒன்றைக் கொடுத்தாள். போட்டால் கார் வரவில்லை, கறுப்புத் திரையில் ஒரு பெட்டி வந்தது. உன் கம்ப்யூட்டரில் கிராபிக்ஸ் கார்டு இல்லை, போய் வேலையைப் பார் என்பதை அது நாகரிகமாகச் சொன்னது.

மானம் போனது மாதிரி இருந்தது எனக்கு. எப்படியாவது அந்தக் காரை ஓட்டிவிடுவது என்று முடிவு செய்தேன். பக்கத்துத் தெருப் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுத்துப் பணம் சேர்த்தேன். கல்லூரி நூலகத்துக் கம்ப்யூட்டர் பத்திரிகைகளை ஒன்றுவிடாமல் படித்தேன். எந்தக் கார்டு கொடுக்கிற காசுக்கு உழைக்கும், எது வெறும் பகட்டு, எல்லாம் மனப்பாடம். முக்கியமாக, கார்டைச் செருகும் சொருகுவாயில் இரண்டு ஜாதி உண்டு என்று தெரிந்துகொண்டேன். என் கம்ப்யூட்டரில் இருந்தது பழைய ஜாதி. புது ஜாதிக் கார்டு அதில் நுழையவே நுழையாது. எனக்கேற்ற கார்டின் பெயரை உள்ளங்கையில்கூட எழுதிக்கொள்ளவில்லை. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லியிருப்பேன்.

பணம் என்னுடையது, அறிவும் என்னுடையது. ஆனால் வாங்குகிற உரிமை சித்தப்பாவுடையது.

என் அப்பாவின் தம்பி அவர். குடும்பத்தில் கரண்ட்டில் ஓடுகிற எதை வாங்கினாலும் அவர் கூட வந்தாக வேண்டும். கலர் டி.வி. வாங்கியது அவர், கழனிக்கு மோட்டார் வாங்கியது அவர், மிக்சி வாங்கியது அவர். மோட்டார் வருஷத்தில் பாதி நாள் உத்திரமேரூர் ஒயின்டிங் கடையில்தான் ரிப்பேருக்குக் குடியிருந்தது. அதைப் பற்றி யாரும் பேசக் கூடாது. நான் சென்னைக்குத் தனியாகப் போய் வாங்கிவருகிறேன் என்றதும் அம்மா அடுப்படியிலிருந்தே கத்தினாள்.

"பொம்பளப் புள்ள ஒண்டியா மெட்ராஸ் போயி சாமான் வாங்குமா? எவனாவது ஏமாத்திப்புடுவான். சித்தப்பாவ இட்டுக்கினு போ."

ஏமாற்றுகிறவனிடம் என்னைக் கையைப் பிடித்து அழைத்துப் போனதே சித்தப்பாதான்.

சென்னையில் மவுண்ட் ரோட்டுக்குப் பின்பக்கம் எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் நெருக்கியடிக்கும் சந்து ஒன்று உண்டு. அங்கே ஒரு கடையில் ஏறினோம். நான் கார்டின் பெயரைச் சொன்னேன். விற்பனையாள் என்னைப் பார்த்தான், பிறகு சித்தப்பாவைப் பார்த்து, "சொல்லுங்க சார், என்ன வேணும்?" என்றான். நான் இன்னொரு முறை சொன்னேன். "காலேஜ் பிராஜெக்டாம்மா?" என்று சிரித்துவிட்டு மறுபடி சித்தப்பாவிடமே போனான். அந்தக் கடையில் நான் ஒரு கைப்பை, சித்தப்பா என்னைத் தூக்கிவந்தவர்.

அவன் கண்ணாடிப் பலகைமேல் இரண்டு கார்டுகளை வைத்தான். ஒன்று நான் கேட்டது, சின்னது. இன்னொன்று புது ஜாதி, பெரியது, நடுவில் அகலமான விசிறி. சித்தப்பா இரண்டையும் இரண்டு கையில் வைத்து எடை பார்த்தார். கத்திரிக்காய் வாங்குகிறவர்கூட அவ்வளவு நேரம் பார்க்க மாட்டார்.

"இதுல மெமரி டபுள் சார்," என்றான் அவன், பெரியதைக் காட்டி.

"பாத்தியா? டபுளு. விசிறியும் பெருசா கீது," என்றார் சித்தப்பா.

"சித்தப்பா, அது நம்ம கம்ப்யூட்டர்ல மாட்டாது. வாயே வேற. அதோட மெமரி ஜாஸ்தியா இருந்தா மட்டும் வேகம் வராது. இந்தச் சின்னதுதான் வேகம்."

"இன்னாம்மா பேசற நீ? சின்னதுதான் வேகமாம்! இன்னிக்கி சின்னத வாங்கிட்டு நாளிக்கி பத்தலன்னா மறுபடியும் வந்துக்கினு இருப்பியா? பெருசா வாங்கிப் போடு, பின்னால ஒதவும்."

கம்ப்யூட்டரும் வளர்கிற பிள்ளை என்று நினைத்துவிட்டார் மனுஷன். பெட்டிக்குள் சொருகுவாய் தானாகப் பெருத்து, அடுத்த தீபாவளிக்குக் கார்டு கச்சிதமாகப் பொருந்திவிடும். நான் கத்தியிருக்க வேண்டும். ஆனால் கடை நிறைய ஆட்கள், ஒருவரும் என் பக்கம் இல்லை. என் டியூஷன் பணத்தை என் கையிலிருந்து வாங்கி அவரே கொடுத்தார். கார்டை அவரே மடியில் வைத்துக்கொண்டு செங்கல்பட்டுவரை ரயிலில் வந்தார்.

வீட்டில் கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்து காட்டினேன். கார்டை வைத்தால் அதன் பல் ஓரிடம், வாயின் தடுப்பு வேறிடம். இப்போதாவது புரியும், திரும்பப் போய் மாற்றிவிடலாம் என்று நினைத்தது என் முட்டாள்தனம்.

"மாத்துறதா? நான் வாங்குன பொருள இதுவரிக்கும் திருப்பிக் குடுத்ததே கெடையாது," என்றார் சித்தப்பா. "இத்தினியூண்டு இடிக்குது, அவ்ளோதான? அறுத்துட்டாப் போச்சு."

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். கார்டைத் துண்டில் சுற்றிக்கொண்டு உத்திரமேரூர் பஸ் ஏறிவிட்டார். நான் பின்னாலேயே ஓடினேன். நேரே அந்த மோட்டார் ஒயின்டிங் கடை. அங்கே எந்தச் சாமானும் பொருந்தவில்லை என்று திரும்பிப் போனதில்லை. அரத்தால் ராவுவார்கள், சுத்தியால் தட்டுவார்கள், அதற்கும் மசியாவிட்டால் சைக்கிள் டியூப்பை வெட்டிச் சுற்றுவார்கள். கடைக்காரர் கார்டைத் திருப்பிப் பார்த்தார்.

"இரும்பையே அறுக்கறோம், இது இன்னா அட்டைதான," என்றார்.

"அண்ணே, அது மேல இருக்கிற தங்கக் கோடு ஒவ்வொண்ணும் ஒரு கனெக்‌ஷன். அறுத்தா செத்துடும்," என்றேன்.

"இரும்மா, பேஜார் பண்ணாத," என்றார் சித்தப்பா.

ஆக்ஸா பிளேடு கரகரவென்று இறங்கியது. ஒரு பருவம் முழுக்க நான் பின்னம் சொல்லிக்கொடுத்துச் சேர்த்த காசு மஞ்சள் தூளாக என் கண்ணெதிரே உதிர்ந்தது. எனக்கு அழுகை வந்தது. சித்தப்பா அந்தத் தூளை வாயால் ஊதிவிட்டு, "நைஸா வந்துகீது" என்று கடைக்காரரைப் பாராட்டினார்.

வீட்டுக்கு வந்து, அறுத்த இடத்தைச் சொருகுவாயில் வைத்து அவரே அமுக்கினார். போய் உட்கார்ந்துவிட்டது. நல்லவேளை, அப்போது கரண்ட் இல்லை. "கரண்ட் வந்ததும் போட்டுப் பாரு, பிச்சிக்கினு ஓடும்," என்று சொல்லிவிட்டு டீ குடித்துப் போனார். அவர் தெரு திரும்பியதும் கார்டைப் பிடுங்கி எடுத்தேன். இல்லாவிட்டால் கம்ப்யூட்டரும் கூடவே போயிருக்கும். ஓடவில்லை என்று மறுநாள் சொன்னேன். மாட்டத் தெரியாமல் மாட்டிக் கெடுத்துவிட்டேன் என்று அவர் உறவு முழுக்கச் சொன்னார். அம்மாவும் அதையே நம்பினாள். கல்யாண வீடுகளில்கூட என்னைக் காட்டி, "நம்ம மச்சான் வாங்கியாந்தத இந்தப் பொண்ணு மாட்டத் தெரியாம..." என்று இழுத்தார்கள்.

மறுபடி டியூஷன். இந்த முறை கல்லூரியில் ஸ்பெஷல் கிளாஸ் என்று சொல்லிவிட்டுத் தன்னந்தனியாகச் சென்னை ரயில் ஏறினேன். வேறு கடை. வசதி உள்ளவர்களெல்லாம் புது ஜாதிக்கு மாறிக்கொண்டிருந்ததால், நான் முதலில் கேட்ட அதே கார்டு பழசாகச் சல்லிசாகக் கிடைத்தது. கடைக்காரர், "கூட யாரும் வரலையாம்மா?" என்றார். "நான் வந்திருக்கேன்ல," என்றேன். கார்டைப் போட்டுக் காட்டச் சொல்லி, திரையில் படம் ஓடியதைப் பார்த்த பிறகே காசு கொடுத்தேன். உலகத்தில் அதைவிட நியாயமான வியாபாரம் அன்றைக்கு நடந்திருக்காது.

வீட்டில் யாரும் இல்லாதபோது மாட்டினேன். அந்தக் கறுப்புத் திரை போய், ஈரச் சாலை பளபளக்க, என் சிவப்புக் கார் வந்து நின்றது. சத்தம் போட்டுச் சிரித்தேன்.

சில நாள் கழித்து, பந்தயத்தின் கடைசிச் சுற்றில் நான் முதலாவதாகப் போய்க்கொண்டிருந்தபோது சித்தப்பா உள்ளே வந்தார். திரையைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றார்.

"அண்ணி, இங்க வா! நான் வாங்கியாந்த கார்டு எப்டி ஓடுது பாரு! அன்னிக்கே சொன்னேன், மாட்றதுலதான் கீது எல்லாமேன்னு. இப்பதான் இவ ஒயுங்கா மாட்டிகீறா."

அம்மா ஈரக் கையோடு வந்து நின்றாள். "அதான் பெரியவங்க சொல்றதக் கேக்கணும்ன்றது," என்றாள்.

அவர் அறுத்த கார்டு என் மேஜை இழுப்பறையில் இருந்தது. எடுத்து அவர் முகத்துக்கு நேரே நீட்ட எனக்குக் கை பரபரத்தது. நீட்டினால் அடுத்த கேள்வி என்ன என்று தெரியும். அப்ப இது எங்கிருந்து வந்துச்சு? யார் கூடப் போன? அதோடு சென்னை ரயிலும் போயிற்று, கல்லூரி பஸ்ஸும் போனாலும் போகும்.

"ஆமா சித்தப்பா," என்றேன்.

அவர் என் முதுகில் தட்டிக்கொடுத்தார். நான் திருப்பத்தில் பிரேக் போடாமல் காரைக் கொண்டுபோய்ச் சுவரில் மோதினேன்.