குயிட்டோவில் ரூரிஸ்டாகத் திரிந்த நாள்

இன்று சுன்னாகம் பஸ்ஸில் மரியதாஸ் அண்ணையைக் கண்டேன். மயிலிட்டிக்காரர். தொண்ணூறில் ஆமி ஊரைப் பிடித்தபோது ஊரோடு இடம்பெயர்ந்தவர்.

அதற்கு அடுத்த வருடம் நாங்கள் இருவரும் கனடா போவதற்காக ஒரு ஏஜென்சிக்காரனை நம்பி, தென்னமெரிக்காவில், எக்குவடோரின் தலைநகர் குயிட்டோவில் போய் நின்றோம்.

"அறைக்குள்ளை அடைஞ்சு கிடந்தால் பொலிஸ் சந்தேகப்படும். ரூரிஸ்ட் மாதிரித் திரியுங்கோ" என்று அவன் எங்களைச் சுற்றுலா பஸ் ஒன்றில் ஏற்றிவிட்டான்.

மலைமேல் நகரம். கொஞ்சம் நடந்தாலே மூச்சு வாங்கியது. வழிகாட்டிப் பெண் தேவாலயம் தேவாலயமாகக் கூட்டிப்போனாள். பசியோடும் பயத்தோடும் எல்லாவற்றுக்கும் தலையாட்டினோம்.

பின்னேரம் அவள் ஆங்கிலத்தில் கேட்டாள்: "நீங்கள் ஏன் ஒரு படமும் எடுக்கவில்லை?"

"கமரா பழுது" என்றேன்.

எங்களையே கொஞ்சநேரம் பார்த்தாள். பிறகு தன் கமராவில் எங்களைப் படம் எடுத்து, "விலாசம் தாருங்கள், அனுப்பிவைக்கிறேன்" என்றாள்.

அண்ணை மயிலிட்டி வீட்டு விலாசத்தைச் சொன்னார்.

"அங்கை இப்ப ஆர் அண்ணை இருக்கினம்?"

"வேறை விலாசம் என்னட்டை இல்லையடா தம்பி."

கனடா சரிவரவில்லை. அடுத்த விமான நிலையத்திலேயே பிடித்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

இன்று இறங்கும்போது அண்ணை சொன்னார்: "ஆமிக்காரர் காணியைத் திருப்பித் தந்திட்டாங்கள். வீடு இல்லை, கிணறுதான் கிடக்கு. எண்டாலும் தபால்காரன் வாறவன்."

குயிட்டோவுக்குப் போனவர்கள் இருந்தால் சொல்லுங்கள், அங்கே பார்க்க என்ன இருக்கிறது? நான் அன்று முழுக்கப் பொலிஸ்காரரை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.