கொழும்பு ஸ்டேஷனில் ரிக்‌ஷா வேண்டாமென்ற அண்ணன்

கரி எரியும் வாடைதான் முதலில் நினைவுக்கு வருகிறது.

யுத்தம் முடிந்தும் பெட்ரோல் தட்டுப்பாடு தீராத சமயம். அறந்தாங்கியிலிருந்து புதுக்கோட்டைக்குப் போகும் பஸ்ஸின் பின்னால் பீப்பாய் மாதிரி ஒரு அடுப்பு. அதில் கரியைக் கொட்டிக் கிண்டி, அந்தப் புகையில்தான் வண்டி ஓடும். மேடு வந்தால் மூச்சு முட்டி நின்றுவிடும்... எல்லோரும் இறங்கித் தள்ளுவோம்.

அந்தப் பஸ்ஸில்தான் நான் சிலோனுக்குப் புறப்பட்டேன்.

எனக்கு அப்போது பதினெட்டு வயது. கல்யாணம் முடிந்து கொஞ்ச நாளிலேயே என் வீட்டுக்காரர் கொழும்புக்குத் திரும்பிவிட்டார். அங்கே பெரிய கம்பெனியில் கணக்குப்பிள்ளை என்று சொல்லித்தான் கட்டிக்கொடுத்தார்கள். வரன் கொண்டுவந்தது என் பெரியப்பா மகன் சொக்கலிங்கம் அண்ணன். அவருக்கும் கொழும்பில்தான் வேலை, ஒரு ஓட்டலில்.

மறுவருஷம் அண்ணன் லீவில் வந்தபோது, "இவளையும் கூட்டிட்டுப் போயி மாப்பிள்ளைகிட்ட விட்ருப்பா" என்றாள் அம்மா. அண்ணன் முகம் போன போக்கு எனக்குப் பிடிக்கவில்லை.

"இப்பக் கடலு சரியில்ல. தை பொறக்கட்டும்" என்றார்.

அடுத்த நாள் வேறு பேச்சு. "கப்பல்ல ஒரே கூட்டமாம். கோட்டைப்பட்டினத்துல தோணி பாத்து யாழ்ப்பாணம் வழியாப் போலாம். ஆனா தோணி எப்ப வரும்னுதான் தெரியல..."

தினம் ஒரு வழி சொன்னார். எந்த வழியும் கொழும்புக்குப் போய்ச் சேருகிற மாதிரி இல்லை. கடைசியில் நானே சொல்லிவிட்டேன்: "எல்லாரும் போற ரயில்லயே போவோம்ணே."

புதுக்கோட்டையில் ரயிலேறி தனுஷ்கோடி. பாஸ்போர்ட் என்ற பேச்சே அப்போது இல்லை. கையில் அம்மை குத்திய தழும்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கப்பலில் ஏற்றினார்கள். கடல் குளம் மாதிரி கிடந்தது.

"கடலு சரியில்லன்னீங்களே?"

அண்ணன் காது கேட்காதவர் போல வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார்.

தலைமன்னாரில் மறுபடி ரயில். "அவுகளுக்குத் தந்தி குடுத்தீங்களா?" என்று கேட்டேன். "ம்ம்" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பொய் என்று பட்டது. ஆசை காட்டிக் கூட்டிப் போய்த் தேயிலைத் தோட்டத்தில் தள்ளிவிடுகிற கதைகள் எங்கள் பக்கம் நிறைய உண்டு. சொந்தப் பெரியப்பா மகன்... அப்படிச் செய்வாரா? மாட்டார். செய்வாரோ? தாலியை ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு, கண்ணை மூடாமல் வந்தேன்.

கொழும்பு கோட்டை ஸ்டேஷனில் இறங்கியபோது நல்ல வெயில். வாசலில் வரிசையாக ரிக்‌ஷாக்கள். இழுக்கிறவர்கள் பாதிப்பேர் நம்ம சீமை ஆட்கள். "ஏறுங்க ஆத்தா, எங்கிட்டுப் போகணும்?" அந்தப் பேச்சைக் கேட்டதும் எனக்கு உயிர் வந்தது.

அண்ணனுக்கு வேர்த்துவிட்டது. "ரிக்‌ஷா வேணாம், அவனுக ஏமாத்துவானுக. கொஞ்சம் நடந்தா ட்ராம் இருக்கு, வா."

"பெட்டியத் தூக்கிக்கிட்டா?"

"நான் தூக்குறேன், நீ வாம்மா!"

வரிசையிலிருந்த ஒருவர், "என்ன சொக்கு, எப்ப வந்தே?" என்று கேட்டார். அண்ணன் அவரைத் தெரியாதவர் மாதிரி நடந்தார்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. பெட்டியைப் பிடுங்கித் தரையில் வைத்து அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"அவுகள இங்க வரச் சொல்லுங்க. அதுவரைக்கும் எந்திரிக்க மாட்டேன்."

"சொன்னாக் கேளும்மா... எந்திரி." அண்ணனின் கண் என்மேல் இல்லை, ரோட்டில் இருந்தது.

நானும் ரோட்டைப் பார்த்தேன். கோட்டுப் போட்ட ஒரு துரையை ஏற்றிக்கொண்டு ஒரு ரிக்‌ஷா ஓடி வந்து நின்றது. இழுத்து வந்தவருக்குக் காக்கி அரைக்கால் சட்டை, கழுத்தில் துண்டு. வண்டியை இறக்கி வைத்துவிட்டு முகத்தைத் துடைத்தார்.

என் வீட்டுக்காரர்.

அவரும் என்னைப் பார்த்தார். துரை கொடுத்த காசை வாங்கக்கூடக் கை நீளவில்லை.

அண்ணன் முணுமுணுத்தார்: "ரிக்‌ஷாக்காரன்னா சித்தப்பா பொண்ணு குடுப்பாரா? நல்ல பயல்மா... அதான் அப்படிச் சொல்லிட்டேன்."

அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. வீட்டுக்காரர் பக்கத்தில் வந்ததும் கேட்டேன். "பொய்யி இது ஒண்ணுதானா, இன்னும் இருக்கா?"

"இது ஒண்ணுதான்" என்றார் தலையைக் குனிந்தபடி. நான் நம்பவில்லை.

பெட்டியை ரிக்‌ஷாவில் வைத்து, "ஏறு" என்றார். ஏற மாட்டேன் என்றேன். பெட்டி வண்டியில் போனது. நான் பக்கத்தில் நடந்தேன். ஓடியே பழகிய மனுஷன், எனக்காக அடிமேல் அடி வைத்து இழுத்தார். ட்ராம்கள் மணியடித்துக்கொண்டு எங்களைத் தாண்டிப் போயின.

ரொம்ப நாள் சந்தேகத்தோடுதான் குடித்தனம் நடத்தினேன். வேறு பெண்பிள்ளை யாராவது வருவாளா என்று பக்கத்து வீட்டில் விசாரிப்பேன். காய் வாங்கப் போகிற சாக்கில் ஸ்டேஷன் பக்கம் போய், வரிசையில் நிற்கிறாரா என்று எட்டிப் பார்ப்பேன். ஒவ்வொரு தடவையும் நின்றார். மழையிலும் நின்றார். போய்ப் பார்ப்பதை எப்போது விட்டேன் என்று எனக்கே ஞாபகமில்லை.

ஊருக்கு வந்தபோது அம்மாவிடம் நானே விஷயத்தைச் சொன்னேன். அண்ணனை அம்மா பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. பிற்பாடு நாங்கள் அறந்தாங்கிக்கே வந்து சைக்கிள் கடை வைத்தோம். என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்தும் வெகுகாலம் ஆகிறது.

போன மாதம் மகள் வயிற்றுப் பேத்தி ஆபீஸ் வேலையாகக் கொழும்பு போனாள். காலையில் திருச்சியில் பிளைட் ஏறியவள், மதியச் சாப்பாட்டுக்குள் அங்கேயிருந்து வீடியோவில் கூப்பிட்டுவிட்டாள். காரில் போய்க்கொண்டிருந்தாள். வண்டி வருவதற்கு முன்பே டிரைவர் பேர், போட்டோ, வண்டி நம்பர் எல்லாம் போனில் வந்துவிடுமாம். பயமே கிடையாதாம்.

நல்லதுதான்...

"டிரைவருக்கு எந்த ஊருன்னு கேட்டியா?" என்றேன்.

"அதெல்லாம் யாரு அம்மாச்சி கேக்குறா?" என்று சிரித்தாள்.

அவள் பின்னால் ஜன்னலில் அந்த ஊர் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு இடமும் எனக்கு அடையாளம் தெரியவில்லை.